மேல் ரூமைப் பூட்டிவிட்டு சுங்கை லெம்பிங் போனோம்

அதற்கு முன்னால் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் வீட்டை விட்டு வெளியே போனது கிடையாது. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. தாராவியில் எங்கள் சந்தில் எல்லோர் வீட்டிலும் இதுதான் வழக்கம். யாருக்காவது கல்யாணம் என்றால் தாலி கட்டுக்கு ஒருவர் போவார். அவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் சாயங்கால ரிசப்ஷனுக்கு மற்றவர் கிளம்புவார். துக்க வீட்டுக்கும் அப்படித்தான். சொந்தக்காரர் எவர் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினாலும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட இருக்காது.

பூட்டிய வீட்டை நம்ப முடியாது என்பதுதான் காரணம். எங்களுக்குக் கீழே ஒரு ரூம், மேலே ஒரு ரூம். கீழே அவர் பெல்ட் தைக்கிற பட்டறை. வெளியில் நிற்கிற இரும்பு ஏணியில் ஏறினால் மேல் ரூம்; அங்கேதான் குடும்பம். மேல் ரூம் நான் கட்டியது. மகள் வயிற்றில் இருக்கும்போது கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்து, அவரோடு சண்டை போட்டு, ஜன்னலை இரண்டு தடவை இடம் மாற்றிக் கட்டியது. கீழ் ரூமுக்கு எல்லாக் காகிதமும் உண்டு. மேல் ரூமுக்கு, உள்ளே ஆள் இருப்பதுதான் காகிதம். தாராவியை இடித்துக் கட்டும்போது மாற்று வீடு கொடுப்பதற்காக வீடுகளை அளந்து நம்பர் போட சர்வேக்காரர்கள் வரும்போது மேலே கதவு பூட்டியிருந்தால் அந்த ரூம் கணக்கில் வராமல் போய்விடும் என்று எங்கள் பக்கம் சொல்லுவார்கள். அல்லது வேறு யாராவது உள்ளே உட்கார்ந்துகொண்டு இது என் வீடு என்பார்கள். இரண்டும் நடந்து நான் பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன்.

எங்கள் மகள் கவிதாவுக்குச் சந்திலேயே பந்தல் போட்டுக் கல்யாணம் செய்தோம்; இப்போது நவி மும்பை வாஷியில் இருக்கிறாள், அங்கேயே ஆபீஸ். இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு எங்களை மலேசியாவுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னாள். கோலாலம்பூர், கடற்கரை, கடைத்தெரு என்றால் எனக்குப் புரிந்திருக்கும். சுங்கை லெம்பிங் என்று ஒரு பழைய ஈயச் சுரங்க ஊராம். சுரங்கத்தை மூடி வெகுகாலம் ஆகிறதாம். ஊரை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்களாம். அவளுடைய ஆபீஸ் சிநேகிதிக்குச் சொந்தக்காரர் அங்கே தங்கும் வீடு நடத்துகிறாராம்.

"அங்க எதுக்குட்டி?" என்றேன்.

"அப்பாவுக்கு ரொம்ப நாளா ஆசைம்மா. வாய விட்டுச் சொல்லமாட்டாங்க. நீ வேண்டாம்னு சொல்லிராத."

சந்தேகம் அங்கேயே ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரே சுரங்கம் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டியது. அதையும் "தூசி" என்று திட்டுவார். அவருக்கு ஈயத்தின் மேல் எப்போது ஆசை வந்தது?

டிக்கெட் எடுத்த பிறகு சர்வே வருகிறது என்று பேச்சு கிளம்பியது. அவர் பயணம் வேண்டாம் என்று சொல்லுவார் எனக் காத்திருந்தேன். அவரோ பெல்ட்டில் துளை போட்டுக்கொண்டே, "போயிட்டு வந்துருவோம்ளா. பாத்துக்கிடலாம்" என்றார். சொந்த மாமாவின் பதினாறாம் நாளுக்குக்கூட என்னைக் காவல் வைத்துவிட்டுப் போனவர் இவர்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் சந்தே எட்டிப் பார்க்கும். அதனால் கேட்கவில்லை. பின் சந்தில் இருக்கிற மும்தாஜ் அக்காவிடம் மேல் ரூமின் இன்னொரு சாவியைக் கொடுத்தேன். அக்கா கடையநல்லூர்க்காரி, வீட்டில் நைட்டி தைத்துக் கொடுப்பவள். பகலெல்லாம் மேலே வந்து உட்கார்ந்து தைக்க வேண்டும், ஏதாவது சமைத்து வாசம் வெளியே போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும், சர்வேக்காரர் வந்தால் என் பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. போன வருஷம் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் அக்கா அவரைக் கேட்ட கேள்வியை அவர் இன்னும் மறக்கவில்லை.

விமானத்தில் அவர் சீட்பெல்ட்டைத்தான் முதலில் பார்த்தார். "தையல் இல்ல, நெசவு" என்று சொல்லி இரண்டு தடவை இழுத்தார். எனக்கு ஜன்னலோரம். மேகத்தைப் பார்க்கவே இல்லை. ஏணிக்குக் கீழே வைத்த வாளியை உள்ளே எடுத்து வைத்தேனா என்று யோசித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

கோலாலம்பூரிலிருந்து குவாந்தான் என்ற ஊர் வரைக்கும் சொகுசுப் பஸ். ரோடு அப்படி ஒரு ரோடு. தம்ளரில் தண்ணீர் வைத்தால் ஆடாது. குழி இல்லாத ரோட்டில் எனக்குத் தூக்கமே வரவில்லை, எங்கேயோ ஏமாற்று இருக்கிறது என்று தோன்றியது. குவாந்தானில் இறங்கி, கவிதா போனில் போட்டுக் கொடுத்திருந்தபடி காரைக் கூப்பிட்டோம். வந்த கார் வேறு. போன் காட்டிய நம்பரும் காரின் நம்பரும் ஒத்துப்போகவில்லை. டிரைவர் மலாய்க்காரர். தன் கார் ரிப்பேரில் இருக்கிறது, இது தம்பி கார் என்று ஆங்கிலத்தில் சொன்னதாக வீட்டுக்காரர் சொன்னார்.

"தம்பி கார்னா தம்பி எங்க?" என்று அவர் காதில் சொன்னேன்.

அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. காரை அனுப்பிவிட்டு ஊர்ப் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து வந்த பஸ், செம்பனை என்று அங்கே சொல்கிற எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்கு நடுவில் புகை விட்டு நின்றது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி நிழல். மனிதர் யாரும் இல்லை. பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். அப்போது அதே கார் வந்து நின்றது. அதே டிரைவர் கண்ணாடியை இறக்கி, பக்கத்தில் இருந்த இன்னொரு ஆளைக் காட்டிச் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"இப்ப தம்பியும் இருக்கான், ஏறலாமாங்கான்" என்றார் வீட்டுக்காரர்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஏறுவதற்கு முன்னால் கார் நம்பரைப் படம் எடுத்து கவிதாவுக்கு அனுப்பினேன்.

சுங்கை லெம்பிங் மலைக்கு நடுவில் கிடக்கிற சின்ன ஊர். ஒரு தெருவில் இரண்டு பக்கமும் மரத்தால் கட்டிய மாடிக் கடைகள், பெயிண்ட் உரிந்து வரிசையாக நிற்கின்றன. நடுவில் பெரிய புல்வெளி. அந்தப் புல்வெளியில் எங்கள் சந்து முழுவதையும் தூக்கி வைக்கலாம். அதில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. இவ்வளவு இடத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள், யாருடைய இடமோ, என்ன வழக்கோ என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கும் வீட்டுக்காரர் சந்திரன் தமிழர். மூன்று தலைமுறையாக மலேசியா. "வாங்க அங்க்கிள், வாங்க ஆண்ட்டி. சாப்டாச்சா லா?" என்று பேச்சுக்குப் பேச்சு அந்த ஊர் 'லா' போட்டுக்கொண்டே பெட்டியைப் பிடுங்கினார். நான் விடவில்லை. வீடு அந்தக் காலத்துச் சுரங்கத் தொழிலாளி குடியிருந்த மர வீடு. எங்கள் அறைக் கதவில் ஒரு மரத் தாழ்ப்பாள் மட்டும் இருந்தது.

"பூட்டு இல்லையா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சந்திரனிடம் கேட்டார்.

"பூட்டா? சாவி எங்கயோ இருக்கு அங்க்கிள். தேடணும். இங்க யாரு வரப் போறாங்க?"

இப்படிச் சொல்லுகிற ஆளை எப்படி நம்புவது? நல்லவேளையாக நான் ஊரிலிருந்து ஒரு பூட்டு கொண்டு வந்திருந்தேன். அதைத் தாழ்ப்பாளில் மாட்டினேன். அந்தத் தெருவிலேயே பூட்டு தொங்கிய கதவு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கூடத்தில் சந்திரன் பழைய சுரங்கச் சாமான்களை வைத்திருந்தார். விளக்கு, தலைத்தொப்பி, மண்வெட்டி, ஆணியில் ஒரு பெல்ட். "சுரங்கத் தொழிலாளியின் இடுப்பு வார்" என்று தமிழிலும் எழுதியிருந்தது. வீட்டுக்காரர் அதை முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, இது தோலு இல்ல, ரெக்சினுல்லா."

சந்திரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அது என்னோட பெல்ட் அங்க்கிள். பழசு கிடைக்கல. ஆணி சும்மா இருந்துச்சு."

பார்த்தீர்களா என்று வீட்டுக்காரரைக் கண்ணால் கேட்டேன். நல்ல மனுஷன் மாதிரி இருந்த அந்த ஆளையும் அன்றைக்கே சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் காலையில் சந்திரன், "பசியாறியாச்சா?" என்று கேட்டார். அங்கே காலைச் சாப்பாட்டுக்கு அப்படிச் சொல்கிறார்கள். நல்ல வார்த்தை. இங்கே வந்து நாலு பேரிடம் சொன்னேன், பசி ஆறினால் என்ன அர்த்தம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

அந்த ஊருக்கு நூடுல்ஸ்தான் பெயர். மலைத் தண்ணீரில் மாவு பிசைந்து, வெயிலில் காயப் போடுகிறார்கள். சீனக் கிழவி ஒருத்தி தக்காளிக் குழம்பு மாதிரி ஒன்றை ஊற்றி இரண்டு கிண்ணம் வைத்தாள். குழம்பில் என்ன கறி என்று எனக்குச் சந்தேகம். சந்திரனிடம் கேட்கும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன். சந்திரன் கிழவியிடம் கேட்டார். கிழவி என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள். "முட்டை மட்டுந்தானாம். கறி வேணும்னா தனியா காசு குடுக்கணுமாம், நீங்க கேட்டா மட்டும் சும்மா வந்துடாதாம்" என்றார் சந்திரன். வீட்டுக்காரர் குச்சி இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் குத்தித் தின்றார். நான் ஸ்பூன் கேட்டேன். ருசியாகத்தான் இருந்தது. நம்ம இடியாப்பத்தைச் சேமியா உப்புமாவுக்குக் கட்டிக்கொடுத்த மாதிரி.

சுரங்க மேனேஜர் இருந்த பங்களாதான் இப்போது மியூசியம். மேட்டின் மேல் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் சாப்பிட்ட மேசை, நாற்காலி எல்லாம் உண்டு. வராந்தாவில் நின்றால் முழு ஊரும் தெரியும். "இங்க நின்னுதான் யார் வேலைக்கு வரல்லன்னு பாத்திருப்பான்" என்றார் வீட்டுக்காரர். கீழே பட்டறையில் அவரும் அப்படித்தான் வாசலைப் பார்க்க நாற்காலி போட்டிருப்பார்.

வெயில் தாழ்ந்த பிறகு ஆற்றின் மேல் கட்டிய தொங்குபாலத்துக்குப் போனோம். மரப் பலகையில் நடந்தால் கம்பி கிறீச்சிடும். ஒருவர் நடந்தால் எல்லோரும் ஆடுவார்கள். நான் ஓரத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். அவருக்குப் போன் வந்தது. "சிக்னல் இல்ல" என்று சொல்லிக்கொண்டே பாலத்தின் நடுவுக்குப் போனார். வந்ததிலிருந்து இதுதான் நடந்தது. போன் வரும், சிக்னல் இல்லை என்பார், எழுந்து போவார். நானும் இரண்டு பலகை, மூன்று பலகை என்று பின்னால் போனேன். காற்று என் பக்கம் அடித்தது.

"மாரி, மேல் ரூம்ல ஒண்ணையும் இடம் மாத்தாத. வந்தாங்கன்னா உன் பேரச் சொல்லு... ஆமா. அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

பாலம் ஆடியது. நான்தான் ஆடினேனோ தெரியாது.

மாரியப்பன் அவருடைய சித்தப்பா மகன். போன வருஷம் ஊரிலிருந்து வந்து வாஷி மார்க்கெட்டில் வெங்காயக் கடையில் வேலை பார்க்கிறான். ஐந்தாறு பேராக ஒரு ரூமில் படுக்கிறான். சொந்தமாக ஒரு ரூம் கிடைத்தால் பொண்டாட்டி பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அவன் பெயர் வந்ததும் எனக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. என்னைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மேல் ரூமில் மாரியை உட்கார வைத்து, அவன் பெயரில் நம்பர் வாங்கிக் கொடுக்கப் போகிறார். சுரங்கத்து மேல் ஆசை எல்லாம் இதற்குத்தான்.

அன்று சாயங்காலம் கொல்லைப் பக்கம் போய் மும்தாஜ் அக்காவைக் கூப்பிட்டேன்.

"நானே கேக்கணும்னு இருந்தேன் சரசு" என்றாள் அக்கா. "நேத்து வந்து பாத்தா பாய் விரிச்சபடி கெடக்கு. நீ சுருட்டாமயா போன?"

"சுருட்டிட்டுத்தான் அக்கா வந்தேன்."

"நான் சுருட்டி வச்சேன். இன்னைக்கு மறுபடி விரிச்சிருக்கு. கொடியில ஒரு சாரம் தொங்குது, ஆம்பள லுங்கி. அல்லாவே, ராத்திரி எவனோ வந்து படுக்கான்ளா!"

"யாருன்னு பாத்து வைங்க அக்கா. விட்றாதீங்க."

"என்கிட்ட சொல்லிட்டேல்ல? வரட்டும்."

உள்ளே வந்தால் வீட்டுக்காரர் என்னைக் குறுகுறுவென்று பார்த்தார். "ஏளா, மேல் ரூம்ல கருவாடு எதுவும் வச்சிட்டு வந்தியா?"

"கருவாடா? எதுக்குக் கேக்கிய?"

"சும்மாதான்."

யாராவது மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு சும்மா கருவாட்டைப் பற்றிக் கேட்பார்களா? மனசு சரியில்லாதவர்கள்தான் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள் என்று நினைத்தேன். விடிவதற்கு முன்னால் மலை உச்சிக்குப் போய்ச் சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம், கீழே மேகம் பால் மாதிரி நிற்கும் என்றார் சந்திரன். ஆள் இல்லாத மலைக்கு இருட்டில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நிஜமாகச் சொன்னால், அன்றைக்கு நான் பயந்தது மலைக்கு இல்லை.

அடுத்த நாள்தான் எங்கள் கல்யாண நாள். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். நான் கவிதா எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலை. சந்திரன் எங்களைச் சுரங்கத்துக்குக் கூட்டிப் போனார். தலையில் தொப்பி மாட்டி, பொம்மை ரயில் மாதிரி ஒரு ரயிலில் உட்கார வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். உள்ளே குளிர்ச்சி. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூலைக்கு மூலை தொழிலாளி பொம்மைகளை வைத்திருந்தார்கள். ஒன்று மண் தோண்டியது, ஒன்று சோறு தின்றது. சோறு தின்ற பொம்மை என்னையே பார்த்த மாதிரி இருந்ததால் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

"சுரங்கம் மூடினதும் வேலை போச்சு. ஜனம் போயிட்டாங்க" என்றார் சந்திரன். "நெறைய பேரு வீட்டைத் திறந்து போட்டுட்டுப் போனாங்க."

எனக்கு வாய் பொறுக்கவில்லை. வந்ததிலிருந்து சந்திரனிடம் நான் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. "யாரும் உள்ள வந்து உக்காரலியா?"

"யாரு ஆண்ட்டி வருவா? இப்ப நாங்கதான் போர்டு வச்சு ஆளக் கூப்பிடுறோம், வாங்க வாங்கன்னு."

நாங்கள் ஒரு ரூமைக் காப்பாற்ற இருபத்தைந்து வருஷம் மாறி மாறிக் காவல் இருந்திருக்கிறோம். இங்கே வீடு வீடாக வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, உட்கார ஆள் இல்லை. அவரைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுரங்கத்துக்குள் சிக்னல் கிடையாது.

வெளியே வந்து வெளிச்சத்தில் கண் கூசிக்கொண்டு நிற்கும்போது இரண்டு பேர் போனும் ஒன்றாக அடித்தன.

என் போனில் மும்தாஜ் அக்கா. "சரசு! மாட்டிக்கிட்டாண்டி! போர்வைய மூடிப் படுத்திருந்தான் களவாணிப்பய. சத்தமில்லாம வெளிய வந்து என் பூட்டப் போட்டுப் பூட்டிட்டேன்!"

"திறக்காதீங்க அக்கா! யாரு சொன்னாலும் திறக்காதீங்க!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் பேசி என் காதே கேட்டதில்லை.

பக்கத்தில் அவரும் கத்திக்கொண்டிருந்தார். "மாரி, பயப்படாத! நீயும் உள்ள தாழ்ப்பாளப் போடு! எவ அவ? அம்மிக்குழவியா? கையில வச்சிருக்காளா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினோம். அவர் என் போனைப் பார்த்தார். நான் அவர் போனைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே கூச்சல் கேட்டது. எங்கள் சந்தின் கூச்சல். யாரோ ஹிந்தியில் போலீஸைக் கூப்பிடச் சொன்னார்கள்.

"யாருளா அது?" என்றார்.

"மும்தாஜ் அக்கா."

"அவ எதுக்கு நம்ம வீட்டுல?"

"மாரி எதுக்கு நம்ம வீட்டுல?"

சந்திரன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என் போனில் அக்கா, "சரசு, சர்வேக்காரங்க வாராங்கடி, நாக்கா முக்குல திரும்பிட்டாங்க..." என்றாள். லைன் போய்விட்டது. அவர் போனும் செத்தது.

சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடம் தெருவில் தேங்காய் பிஸ்கட் கடை வாசல்தான் என்று சந்திரன் அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார். கூப்பிட்டுப் பார்த்தோம். அக்கா எடுக்கவில்லை, மாரி எடுக்கவில்லை. பெஞ்சில் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். அடுப்பிலிருந்து தேங்காய் வறுபடுகிற வாசம். எனக்கு வாய் கசந்தது. திருடன், பூட்டு, போலீஸ் என்று சத்தம் கேட்டால் சர்வேக்காரர்கள் அந்த வாசலில் நிற்பார்களா? அடுத்த சந்துக்குப் போய்விடுவார்கள்.

"மாரி பேருக்கு மாத்தப் பாத்தியளா?" என்று கேட்டேன். தரையைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"கிறுக்கி. ஆளு இல்லாம போடக் கூடாதுன்னு ராத்திரிக்குப் படுக்கச் சொன்னேன். உன்கிட்ட சொன்னா விட்ருப்பியா?"

"மாட்டேன்."

"பெறவு?"

"உன் பேரச் சொல்லுன்னு பாலத்துல சொன்னியளே?"

"என் பேரச் சேத்து, தங்கராஜ் தம்பின்னு சொல்லணும், இல்லன்னா யாரோன்னு வெளிய தள்ளிருவான். பாலத்துல ஒட்டுக் கேட்டியா?" அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்தார், தின்னவில்லை. "நீ மட்டும் என்னவாம்? நீயும் கவிதாவும் சேந்து மேல் ரூம வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு, வாஷிக்குப் போயிருவியன்னு நான் நினைச்சுக்கிட்டு கெடக்கேன்."

"எனக்கு எதுக்கு வாஷி? அந்த லிஃப்ட்டுல ஏறினாலே தல சுத்துது."

"பெறவு எதுக்கு இந்த ஊருக்கு வரணும்னு ஒத்தக் கால்ல நின்ன?"

"நானா? உங்களுக்குத்தான் சுரங்கம் பாக்க ஆசைன்னா கவிதா."

"உனக்குன்னுல்லா என்கிட்ட சொன்னா!"

அவர் பிஸ்கட்டை உடைத்துப் பாதியை என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் என் போன் அடித்தது. மும்தாஜ் அக்கா வீடியோவில் வந்தாள். முகத்துக்குப் பதில் காதுதான் தெரிந்தது.

"சரசு, திருடன்னதும் சர்வேக்காரப் பிள்ளைங்க மூணும் ஏணியில ஏறிட்டுதுங்கடி! எப்பவும் கீழயே நின்னு அண்ணாந்து பாத்துட்டுப் போற பயலுவ. பூட்டத் திறந்தோம். உள்ள உன் கொழுந்தனாம்ல! காய்ச்சல்ல கெடக்கான், பாவம். நான் என்ன கண்டேன்? அவனுக்குக் கஞ்சி வச்சிருக்கேன்."

"அக்கா, சர்வே?"

"யாரு ரூமுன்னு கேட்டாங்க. நான் சரசு ரூமுன்னேன். அவனக் கேட்டாங்க. அவன் பயத்துல 'பாபி கா கர் ஹை, பாபி நே பனாயா' அப்படிங்கான். கட்டில், பீரோ, அடுப்பு எல்லாம் பாத்தாங்க, டேப் போட்டு அளந்தாங்க. கதவுல நம்பர் எழுதிட்டுப் போயிட்டாங்க. மேலயும் எழுதிட்டாங்கடி!"

இது மதினி வீடு, மதினி கட்டியது என்று மாரி சொல்லியிருக்கிறான். தன் பெயரைச் சொல்லச் சொல்லியும் சொல்லவில்லை. அவனைப் பற்றி அந்தப் பாலத்தில் நான் நினைத்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது.

நான் அழுததைப் பார்த்து பிஸ்கட் கடைச் சீனப் பெண் பதறிப்போனாள். சந்திரன் அவளுக்கு என்ன சொன்னாரோ, எங்கள் கல்யாண நாள் என்று மட்டும் சொல்லியிருப்பார். அவள் ஒரு பொட்டலம் பிஸ்கட் சும்மா கொடுத்தாள். நான் அதைத் திருப்பி, தேதி பார்த்துத்தான் பைக்குள் வைத்தேன்.

அன்று சந்திரன் கேக் வாங்கி வந்து எங்களை வெட்டச் சொன்னார். எதிரும் புதிருமாக நின்ற எங்களை, "கிட்ட வாங்க லா, இன்னும் கிட்ட" என்று தள்ளித் தள்ளிச் சேர்த்துப் படம் எடுத்தார். அந்தப் படத்தில் எங்களுக்குப் பின்னால் அந்த ரெக்சின் பெல்ட் தொங்குகிறது.

ஊர் திரும்பியது நல்ல மத்தியானம். ரோடு குழி விழுந்து கிடந்தது, டாக்ஸி தூக்கித் தூக்கிப் போட்டது. சயான் ஸ்டேஷன் தாண்டும் முன்பே எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. பெட்டியை ஏணிக்குக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரும் மேலே ஏறினோம். மும்தாஜ் அக்கா கம்பிக் கதவுக்கு உள்ளே நின்றாள். மாரி கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"திறங்க அக்கா" என்றேன்.

"இருடி. ஒருத்தர் வந்தா நீங்கதான்னு நம்பலாம். ரெண்டு பேரும் சோடியா வந்து நின்னா எப்படி நம்ப?" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே திறந்தாள். வீட்டுக்காரர் அவளிடம் பேசவில்லை. ஆனால் தேங்காய் பிஸ்கட் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு எச்சில் தொட்டுக் கதவு நம்பரின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தார். அழியவில்லை. நானும் ஒருதரம் தேய்த்தேன்.

போன வாரம் செம்பூரில் ஒரு கல்யாணம். அவருடைய அத்தை பேத்திக்கு. "தாலி கட்டுக்கு நீ போ, நான் சாயங்காலம் போறேன்" என்றார் வழக்கம்போல.

"நம்பர்தான் போட்டாச்சே. ரெண்டு பேருமா போவோம்" என்றேன்.

துளை போட்டுக்கொண்டிருந்த பெல்ட்டைக் கீழே வைத்தார். மெதுவாக எழுந்து வெளியே வந்து, ஏணியில் பாதி வரை ஏறி மேல் ரூம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏளா, இப்ப உள்ள யார உக்கார வச்சிருக்க?"